அம்மாவும் செந்நாய்களும்: மசினகுடியில் நான்கு நாள்

முதல் நாள், வியாழன்

காங்கேயத்தில் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, திருப்பூர், மேட்டுப்பாளையம், ஊட்டி என்று பஸ் மாறி மாறி மசினகுடி வந்து சேர மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. அம்மாவுக்கு 68 வயது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் சின்ன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து 36 கொண்டை ஊசி வளைவுகளையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். மேலே குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கீழே வந்ததும் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தவர், "நம்மூரு மாதிரியே காஞ்சு கெடக்குது கண்ணு" என்றார். உண்மைதான். மலையின் மழை மறைவுப் பக்கம் இது. வேல மரமும் முள்ளும் சிவந்த மண்ணுமாக, ஆடு மாடு மேய்க்க வேலி போட்டு வைத்திருக்கும் எங்கள் கொறங்காட்டைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் விரித்த மாதிரி இருக்கிறது.

நான் வந்தது செந்நாய் பார்க்க. முடிந்தால் அது இரை தின்பதையும் பார்க்க. பல வருட ஆசை இது. அம்மா வந்த காரணம் வேறு, அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து எழுதப்போவது புரியாது. போன வருஷம் ஒரு ராத்திரி எங்கள் பட்டியில் தெருநாய்கள் புகுந்து 11 செம்மறிகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை, ஊருக்கு நாலு பேராவது இப்படிப் பறிகொடுத்திருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது கழுத்திலும் வயிற்றிலும் கடிபட்டு அங்கங்கே கிடந்தன, மூன்று இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அம்மா அழவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாய் திங்கலையே" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நாய் என்ற பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

செந்நாய் பார்க்கப் போகிறேன் என்றபோது திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "அது என்ன திங்கும்?" என்று கேட்டார். மான் என்றேன். "கொல்லுமா, திங்குமா?" என்றார். இரண்டும்தான் அம்மா என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நானும் வாரேன்" என்றார்.

தங்கியிருப்பது ஊர்க்கோடியில் ஒரு சின்ன வீடு. சாயங்காலமே வேலியோரம் புள்ளிமான்கள் வந்து நிற்கின்றன. அம்மா அவற்றை எடை போடுகிற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டை ஒன்று 45 கிலோ வரும் என்றார், ஆடு பார்த்த கணக்கு. பிறகு புத்தகத்தில் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் தெப்பக்காடு போய் வனத்துறை வண்டியில் சஃபாரி. மான் கூட்டம், காட்டுமாடு, மயில். நாய் இல்லை. யானை முகாமில் ராகிக் களியும் கொள்ளும் உருட்டி ஊட்டுவதை அம்மா ஆசையாகப் பார்த்தார். அவ்வளவுதான் காலை.

மத்தியானத்துக்கு மேல்தான் நாள் ஆரம்பித்தது. எங்களுக்கு ஜீப் ஓட்டும் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், சின்ன வயதில் காட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்குப் பை தூக்கி, வழி காட்டி, விட்டை பொறுக்கிக் கொடுத்த ஆள். நான் செந்நாய் பைத்தியம் என்று தெரிந்ததும், "இன்னைக்கு நாயைக் காட்ட முடியுமான்னு தெரியாது தம்பி, நாய் தின்னதைக் காட்டுறேன்" என்று ஊரை ஒட்டிய மண்பாதைக்குக் கூட்டிப் போனார். இரண்டு வண்டித்தடம் பிரிகிற இடம். அங்கே ஏழெட்டு விட்டைகள், பழையதும் புதியதுமாக ஒரே இடத்தில். செந்நாய்க் கூட்டம் பாதை பிரிகிற இடமாகப் பார்த்துத் திரும்பத் திரும்ப அங்கேயே கழிக்கும், இது எங்கள் இடம் என்று மற்ற கூட்டத்துக்குச் சொல்கிற வழி அது. சிறுத்தை இப்படிக் கும்பலாகப் போடாது.

அண்ணன் ஒரு குச்சியை எடுத்துக் காய்ந்த ஒன்றை உடைத்தார். உள்ளே ஏறக்குறைய முழுக்க முடி. பழுப்பு முடி, நுனியில் வெளுத்தது, விரலில் எடுத்தால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. நடுவே சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக எலும்புத் துணுக்குகள். கறுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏதோ பளபளத்தது. குச்சியால் தள்ளி எடுத்துக் காட்டினார். மான் குட்டியின் குளம்பு நுனி. செரிமானம் ஆகாமல் முழுசாக வெளியே வந்திருந்தது. முடியை வைத்து எந்த விலங்கு என்று கண்டுபிடிப்பார்கள் என்றும் சொன்னார்: கழுவிக் காயவைத்து நுண்ணோக்கியில் வைத்தால் முடியின் மேல்தோல் செதிலும் நடுத்தண்டும் விலங்குக்கு விலங்கு வேறு மாதிரி தெரியும். புள்ளிமானுக்கு ஒன்று, கடமானுக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று.

அம்மா குந்தி உட்கார்ந்து பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏனென்றால் புழுக்கையைப் பார்த்தே ஆட்டுக்கு என்ன சீக்கு என்று சொல்கிற கை அது. "சோறு, கோழிக்குடலு ஒண்ணுமே இல்லியே தம்பி" என்று அண்ணனிடம் கேட்டார். "அது ஊர் நாய் தின்கிறதும்மா. இது வேட்டைக்கறி இல்லாம இருக்காது" என்றார் அவர்.

இந்த இடத்தில் ஒருவர் பேரைச் சொல்லியாக வேண்டும். ஏ. ஜே. டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். இங்கிருந்து மாயாற்றைத் தாண்டினால் வருகிற பந்திப்பூரில் 1976 முதல் 1978 வரை செந்நாய்க் கூட்டத்தின் பின்னாலேயே நடந்து, என்ன கொன்றன, எவ்வளவு தின்றன, மிச்சத்தை என்ன செய்தன என்று குறித்து வைத்தார். ஒரு நாய்க்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 1.86 கிலோ கறி என்று அவர் கணக்கு. அதற்கு முன் செந்நாயைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் துப்பாக்கி பிடித்த துரைமார் சொன்னதுதான்: கொடூரம், காட்டுக்குக் கேடு, கண்ட இடத்தில் சுடு. தலைக்கு இவ்வளவு என்று பணமும் கொடுத்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஜான்சிங் 2024 ஜூனில் காலமானார். நாட்குறிப்பும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு ஒரு மிருகத்தின் பேரை மீட்டுக் கொடுத்த மனுஷன் அவர், நம் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கு அவரைத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

ராத்திரி. அம்மா தூங்கிவிட்டார். அண்ணன் சொன்ன "வேட்டைக்கறி இல்லாம இருக்காது" என்ற வார்த்தை மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் நாய்ச் சாதியில் இது கொஞ்சம் அபூர்வம். சிகாகோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது கொயோட்டி என்கிற அந்த நாட்டுக் காட்டு நாயைப் பார்த்திருக்கிறேன், பட்டப்பகலில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே புல்வெளியில், காதை முன்னால் நீட்டி நின்று, திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு குதி குதித்து மூக்கைப் புல்லுக்குள் குத்தி ஒரு வயல் எலியைப் பிடித்து விழுங்கியது. அந்த நகரத்தைச் சுற்றியுள்ள கொயோட்டிகளை 2000-லிருந்து தொடர்ந்து ஆராய்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விட்டைகளை உடைத்துப் பார்த்ததில் 42 சதவீதத்தில் எலி வகை, 23-இல் பழம், 22-இல் மான், 18-இல் முயல் இருந்தது. ஒரே விட்டையில் இரண்டு மூன்று இருக்கும் என்பதால் கூட்டினால் நூறைத் தாண்டும். எல்லாரும் பயப்படும் வீட்டுப்பூனை ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். இலையுதிர் காலத்தில் பழம், குட்டி போடும் காலத்தில் மான் குட்டி, பனியில் செத்தது கிடைத்தால் அது. கிடைப்பதைத் தின்று வாழ்கிற பிராணி.

பல்லிலேயே இது எழுதியிருக்கிறது. கொயோட்டிக்கும் ஓநாய்க்கும் நம் வீட்டு நாய்க்கும் 42 பல். செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் அரைக்கிற கடைவாய்ப்பல் பக்கத்துக்கு ஒன்று குறைவு, கறி வெட்டுகிற பல்லின் பின்பக்கமும் அரைக்கும் மேடாக இல்லாமல் கத்தி மாதிரி ஒரே முனையோடு இருக்கும். பழத்தையும் தானியத்தையும் அரைக்க வேண்டிய இடத்தைச் செந்நாய் வெட்டுவதற்கே ஒதுக்கிவிட்டது. புல் கொஞ்சம் கடிக்கும், மற்றபடி மான்தான்.

மூன்றாம் நாள், சனி

பார்த்துவிட்டோம். கை இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது, வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆறே கால் மணிக்கு மாயார் ரோட்டில் ஜீப். தனியார் ஜீப்புக்குப் பொது ரோடு மட்டும்தான், இறங்கக் கூடாது. ஒரு குட்டைக்குப் பக்கத்தில் பனி இன்னும் தரையோடு படுத்திருந்தது. அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். மான் கத்துகிற சத்தம், கூர்மையாக, விட்டு விட்டு. அப்புறம் ஒரு விசில். மனுஷன் அடிப்பது போலத்தான் இருந்தது, அம்மா திரும்பி யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். "நாய்" என்றார் அண்ணன், உதட்டை மட்டும் அசைத்து. செந்நாய் குரைக்காது. புதருக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது விசில் அடித்துத்தான் கூடும்.

அடுத்த நிமிஷம் ஒரு பெட்டை மான் முள்ளைப் பிய்த்துக்கொண்டு வந்து குட்டைக்குள் இறங்கியது. பின்னால் இரண்டு, இடப்பக்கம் மூன்று, கரையைச் சுற்றிக்கொண்டு நான்கு. மொத்தம் 9. செம்மண் நிறம், புசுபுசுவென்று கறுத்த வால், உருண்ட காது. நம் தெருநாய் அளவுதான், பதினைந்து பதினாறு கிலோ இருக்கும். மான் மார்பளவு தண்ணீரில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. இரண்டு நாய்கள் நீந்தியே போயின. மான் எதிர்க்கரைக்குத் தாவியதும் அங்கே நின்றவை பிடித்துக்கொண்டன. மணி 6:52.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். புலி மாதிரி கழுத்தைப் பிடித்துக் கொன்றுவிட்டுத் தின்பதில்லை செந்நாய். அதன் வாய் சிறிது, உடம்பு சிறிது. மான் நிற்கும்போதே பின்பக்கத்திலும் வயிற்றிலும் வாய் வைத்துவிட்டன. மான் இரண்டு முறை எழ முயன்றது. இரண்டு நிமிஷத்துக்குள் தலை சாய்ந்துவிட்டது, ஆனால் அந்த இரண்டு நிமிஷம் ரொம்ப நீளம். துரைமார்கள் கொடூரம் என்று எழுதியது இதைப் பார்த்துத்தான். அம்மாவைப் பார்த்தேன். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் இருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. சண்டை இல்லை. ஒன்பது நாய்கள் ஒரு மானைச் சுற்றி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மெல்ல முனகியபடி தின்றன. ஒரு உறுமல் கூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு எலும்புக்கு இரண்டு நாய் இருந்தாலே தெரு இரண்டுபடும். இங்கே ஒன்று துண்டை இழுத்தால் மற்றது எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொடுக்கிறது, கிழிபடுகிறது, ஆளுக்கு ஒரு வாய். முதலில் போனது ஈரலும் இருதயமும். இரைப்பையை வெளியே இழுத்துப் பச்சைப் புல் கூழோடு அப்படியே ஓரத்தில் தள்ளிவிட்டன. அதை ஒரு நாயும் தொடவில்லை. பிறகு தொடை, விலா, முன்னங்கால். அவசரம், அவசரம். ஒவ்வொன்றும் நாலு வாய் தின்றதும் தலை தூக்கிக் காட்டைப் பார்த்துக்கொண்டது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. இந்தக் காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் அதே மான் கூட்டத்தை நம்பி வாழ்கின்றன. கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த், மெல் சன்குவிஸ்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், புலி கொல்லும் இரையின் சராசரி எடை 90 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், செந்நாயினுடையது 43 கிலோ என்று வந்தது. புலிக்குக் காட்டுமாடும் கடமானும், செந்நாய்க்குப் பெரும்பாலும் புள்ளிமான். அப்படிப் பங்கு பிரிந்திருந்தாலும் ரத்த வாடைக்குப் புலி வந்து நின்றால் நாய்தான் விலக வேண்டும். கூட்டம் பெரிதாக இருந்தால் சிறுத்தையை மரத்தில் ஏற்றிவிடும், புலியிடம் அது பெரும்பாலும் செல்லாது. பறிபோவதற்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். உயிர் போகும் வரை காத்திருக்காமல் தின்பதற்கும் இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

7:10-க்கு இரண்டு நாய்கள் விலகின. வயிறு இரண்டு பக்கமும் பானை மாதிரி உப்பியிருந்தது. தண்ணீர் குடித்தன, பிறகு நேராக மேற்கே, ஒரே சீராக ஓட ஆரம்பித்தன. விளையாட்டு இல்லை, மோப்பம் இல்லை, வேலைக்குப் போகிற ஓட்டம். "குட்டி இருக்குது" என்றார் அண்ணன். இங்கே செந்நாய் குட்டி போடுவது நவம்பர், டிசம்பர் வாக்கில். குகைக்குப் போய்க் குட்டிகளின் முன்னாலும், காவலுக்கு இருந்த நாயின் முன்னாலும் தின்றதைக் கக்கிக் கொடுக்கும். தாய் மட்டுமில்லை, கூட்டத்தில் வேட்டைக்குப் போன எல்லாமே கொடுக்கும், தன் குட்டியா என்ற கணக்கு கிடையாது. குட்டிகள் வளர்ந்து இரை கிடக்கும் இடத்துக்கே வர ஆரம்பித்தால் பெரியவை ஒதுங்கி அவற்றை முதலில் தின்ன விடும்.

நான் மூச்சு விடாமல் இதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்த இரண்டு நாய்கள் மறைகிற வரை பார்த்துவிட்டு, "வயித்துல கட்டிக்கிட்டுப் போவுது" என்றார்.

7:35-க்கு மீதி இருந்தது தலை, முதுகெலும்பு, இரண்டு குளம்பு, தோலில் ஒரு துண்டு, அந்த இரைப்பை. 45 கிலோ மான், 43 நிமிஷம். காக்கைகள் இறங்கிவிட்டன.

திரும்பி வரும்போது அம்மா பேசவே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "நம்முளதுல பதினொண்ணு. ஒண்ணுல கூட இப்புடி ஒரு தொடை போயிருந்தா மனசு ஆறியிருக்கும்."

நான் இதை ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். தெருநாய்க்குச் சோறு காட்டில் இல்லை. ரோட்டோரம் கொட்டுகிற கோழிக்கழிவில் இருக்கிறது, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் வயிறு நிறைந்து, கூட்டம் பெருகி, ராத்திரி சுற்றும்போது பட்டிக்குள் ஓட முடியாமல் மிரண்டு சுற்றும் ஆட்டைப் பார்த்தால் துரத்திக் கடிக்கிற பழைய புத்தி மட்டும் கிளம்புகிறது. வேட்டை இருக்கிறது, அதற்குக் கீழே பசி இல்லை. ஓடுகிற வரை கடிக்கும், ஓய்ந்ததும் அடுத்ததுக்குப் போகும். தப்பு அதைக் கழிவு போட்டு வளர்த்த நம்முடையது என்று இழப்பீடு கேட்டு அலைந்தபோதெல்லாம் சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை.

செந்நாய் ஆட்டைத் தொடவே தொடாது என்றும் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். காட்டில் மான் குறைந்த இடத்தில் கன்றையும் ஆட்டையும் பிடிக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் மிதுன் என்கிற மலை மாட்டை வளர்ப்பவர்களுக்கு அதன் மேல் தீராத கோபம். பூட்டானில் 1970-களிலும் 80-களிலும் கால்நடைக்காக விஷம் வைத்து ஏறக்குறைய அழித்தே விட்டார்கள். அப்புறம் காட்டுப்பன்றி பெருகி வயலை உழ ஆரம்பித்தபோதுதான் நாய் என்ன தின்றுகொண்டிருந்தது என்பது தெரிந்தது. பிறகு செந்நாய் தானாகவே திரும்ப வந்து சேர்ந்தது.

டீக்கடையில் ஒரு இருளர் பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, விசில் கேட்டால் அவருடைய அப்பா காட்டுக்குள் ஓடுவாராம். நாய்கள் அடித்துப் போட்டதும் கம்பைத் தட்டி விலக்கிவிட்டு ஒரு தொடையை மட்டும் அறுத்துக்கொண்டு வந்துவிடுவார். "அது மனுசனைக் கடிக்காது. கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கும். நாங்க போனதும் மறுபடி வந்து திங்கும்." முழு மானையும் தூக்கி வந்தால் என்ன என்று கேட்டேன். "அதுங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே" என்றார். இப்போது சட்டப்படி அதெல்லாம் முடியாது, யாரும் செய்வதும் இல்லை என்றார். ஜான்சிங்கும் பந்திப்பூரில் ஜனங்கள் இப்படி எடுப்பதைப் பார்த்துக் குறித்திருக்கிறார். அம்மா பெரியவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார்.

நான்காம் நாள், ஞாயிறு

பஸ் பத்து மணிக்கு. அதற்குள் ஒரு தடவை அந்தக் குட்டைக்குப் போய்வரலாம் என்று அம்மாதான் சொன்னார்.

நேற்றைய இடத்தில் தலை இல்லை. முதுகெலும்பு பத்தடி தள்ளி இழுபட்டுக் கிடந்தது, ஒரு பக்க விலாவைக் காணோம். ராத்திரி கழுதைப்புலி வந்திருக்கும் என்றார் அண்ணன், எலும்பை நொறுக்கித் தின்ன செந்நாய்க்குத் தாடை கிடையாது, கழுதைப்புலிக்கு உண்டு, இந்தச் சீகூர்ப் பக்கம் அது இன்னும் இருக்கிறது. அந்த எலும்பில் இரண்டு நரிகள் நின்றிருந்தன. ஒன்று முதுகெலும்புச் சந்தில் மிச்சமிருந்ததை முன்பல்லால் பிடுங்கிக்கொண்டிருந்தது, பொறுமையாக, கொட்டைப்பாக்கு நறுக்குகிற மாதிரி. மற்றது கொஞ்ச நேரம் சாணத்தைப் புரட்டி வண்டு தேடியது, பிறகு பக்கத்து இலந்தைப் புதருக்கடியில் போய் உதிர்ந்த பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தது. கறிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு இலந்தைப்பழம். கொயோட்டிக்கு இந்த நாட்டில் ஒரு தம்பி உண்டென்றால் அது நரிதான். இரண்டுமே எலி, முயல், பழம், பூச்சி, செத்தது என்று எதையும் விடாது.

"இது நம்மூருல முன்ன இருந்துது" என்றார் அம்மா. "ராத்திரி ஊளையிடும். ஆட்டுக்குட்டி ஒண்ணு ரெண்டு தூக்கும். தூக்கிட்டுப் போயிரும்." அந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

மேலே வெகு உயரத்தில் மூன்று பாறு கழுகுகள் வட்டமடித்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டின் கறி வழியாக இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க ஏறக்குறைய துடைத்துவிட்டது. மாட்டுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் மிஞ்சியவற்றில் பெரும் பங்கு கூடு கட்டுவது இந்த மாயார் பள்ளத்தாக்கைச் சுற்றித்தான். நாய் விட்டதை நம்பி எத்தனை வாய்! நேற்று ஒதுக்கித் தள்ளிய அந்த இரைப்பை இருந்த இடத்தில் இப்போது பச்சைக் கறை மட்டும், அதன்மேல் ஈயும் சாண வண்டும். அது கூட வீணாகவில்லை.

உலகம் முழுக்கக் குட்டி போடும் வயதிலுள்ள செந்நாய் 949-லிருந்து 2,215-க்குள் இருக்கும் என்பது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. ஒன்பதை நாம் ஒரே காலையில் பார்த்திருக்கிறோம். ஊர்நாயிடமிருந்து பரவும் நாய்க்காய்ச்சல் ஒரு கூட்டத்தில் புகுந்தால் மொத்தமும் போய்விடலாம். அதனால் காட்டோர ஊர்களில் நாய்க்குத் தடுப்பூசி போடுவது நமக்கு மட்டுமில்லை, அதற்கும் தேவை. இதை யாராவது படித்துவிட்டு உங்கள் ஊரில் கேட்டால் நன்றாக இருக்கும்.

பஸ் கல்லட்டியில் ஏறும்போது அம்மா வளைவு எண்ணவில்லை. ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஊட்டி தாண்டியதும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்னு சொன்ன?"

"ஒண்ணுக்கு ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி."

"ஒம்பது நாய்க்குப் பதினாறு, பதினேழு கிலோ. குட்டிக்கு ஒரு மூணு நாலு. ஒரு மானுல கறி முப்பது கிலோ தேறுமா?"

"தேறும்."

"அப்ப மூணு நாளைக்கு ரெண்டு. மாசத்துக்கு இருவது." விரலை மடக்கினார். "வருசத்துக்கு எரநூத்தி நாப்பது. அத்தனை போயியும் மந்தை நிக்கோணும்னா எத்தனை பெட்டை ஈனோணும்?" பட்டி வைத்திருப்பவரின் கேள்வி அது, நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவரே வாய்க்குள் பெருக்கிக்கொண்டிருந்தார். புல் நன்றாக இருந்தால்தான், மழை வந்தால்தான், தண்ணி நின்றால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறினோம். அவிநாசி வரும்போது இருட்டிவிட்டது. ரோட்டோரம் ஒரு குப்பை மேட்டில் ஏழெட்டு நாய்கள் பாலிதீன் பையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அம்மா கழுத்தைத் திருப்பி, பஸ் தாண்டுகிற வரை அவற்றைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"காலையில ஆள் வரச் சொல்லு" என்றார். "மேக்கால வேலியில சந்து இருக்குது. முள்ளு வெட்டி அடைக்கோணும்."